உடைமையாளன் கைவிட்ட விளையாட்டு: எமுலேற்றர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு படைப்பின் உரிமையைத் தனக்கென வைத்திருப்பவன் அப்படைப்பை அழியவிடும் உரிமையையும் உடையவனா என்னும் வினா புதியதன்று. நூல், ஓவியம், இசை என்பன தொடர்பாக அது பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. எனினும் வெறும் விளையாட்டு எனச் சிறிதாக எண்ணப்படும் ஒரு துறையிலேயே இன்று அவ்வினா மிகக் கூர்மையான வடிவில் எழுந்து நிற்கின்றது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி யப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ, தனது 3டிஎஸ் என்னும் கைக்கருவிக்கான இணையக் கடையை மூடிற்று. அக்கடையில் மட்டுமே விற்கப்பட்டு, காட்ரிஜ் வடிவில் ஒருபோதும் வெளிவராத விளையாட்டுகள் பல இருந்தன. முன்னரே வாங்கியோர் அவற்றை மீளப் பெறுவதற்கு வழி விடப்பட்டதாயினும், புதிதாக விரும்பும் ஒருவன் பணங்கொடுத்துப் பெறும் வழி அன்றோடு அடைபட்டது. எஞ்சியிருப்பது, எவரோ பிரதிசெய்து வைத்த கோப்பைப் பெற்று எமுலேற்றர் எனப்படும் மென்பொருளின் துணையோடு கணினியில் இயக்குவதே. சட்டம் இதனைக் குற்றம் என்கின்றது. அறமும் அவ்வாறே கூறுமா?

இதற்கு விடையளிப்போர் பெரும்பாலும் இரு வேகமான முடிவுகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். திருட்டு எப்போதும் திருட்டே என்பது ஒரு சாராரின் வாதம். அறிவு யாவர்க்கும் பொது என்பது மற்றையோரின் முழக்கம். இரண்டும் எமுலேற்றரையும், அதில் இயக்கப்படும் விளையாட்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திலிருந்து பிறப்பவை. ஆகவே எமுலேற்றர் யாது என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும்.

1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி யப்பானில் வெளியான கேம் போய் என்னும் கைக்கருவியை இங்கு எடுத்துக்கொள்வது பொருத்தமானது. குன்பே யோகோயி என்பவரின் தலைமையிலான குழுவினர் ஆக்கிய அக்கருவி அக்கால அளவுகோல்களின்படியும் எளியதே. வினாடிக்கு ஏறத்தாழ 42 இலட்சம் துடிப்புகளுடன் இயங்கும் ஒரு சில்லு, 8 கிலோபைற் நினைவகம், கிடையாக 160 புள்ளிகளும் நிலைக்குத்தாக 144 புள்ளிகளும் கொண்ட திரை, அத்திரையில் நிறமென்று சொல்லத்தக்க எதுவுமின்றி நான்கு தரச் சாயல்கள், நான்கு பற்றரிகள் என்பனவே அதன் உடைமை. புத்தம்புதிய உறுப்புகளைத் தேடாது, பழகிப்போன மலிவான உறுப்புகளைப் புதுவழியிற் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயியின் கொள்கை. அதன் பின்வந்த வண்ணத்திரைக் கருவியையுஞ் சேர்த்து உலகெங்கும் ஏறத்தாழ 11 கோடியே 87 இலட்சம் கருவிகள் விற்பனையாயின.

இக்கருவியின் சில்லு எந்தக் கட்டளைக்கு எவ்வாறு பணிகின்றது, திரை எந்த ஒழுங்கில் வரையப்படுகின்றது, ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்பனவற்றையெல்லாம் ஒருவர் பொறுமையாக அவதானித்து அறிந்து, அதே நடத்தையைக் கணினியில் ஒரு மென்பொருளாக எழுதுவாராயின் அதுவே எமுலேற்றர். அதனுள் நின்ரெண்டோவின் ஒரு திருகாணியேனும் இல்லை. ஒரு பொறியின் நடத்தையை விதிகளாக எழுதித்தர முடியுமாயின் அவ்விதிகளைப் படிக்கும் பிறிதொரு பொறி முன்னதாகவே நடக்க முடியும் என்பதை அலன் ரியூறிங் 1936ஆம் ஆண்டிலேயே தமது கட்டுரையில் நிறுவிவிட்டார். 1964இல் ஐபிஎம் நிறுவனம் தனது 360 வரிசைக் கணினிகளை அறிவித்தபொழுது, பழைய 1401 கணினிக்கென எழுதப்பட்ட நிரல்களைப் புதிய கணினிகள் சிலவற்றில் இயக்கும் வசதியை அதுவே சேர்த்து வழங்கிற்று. பழைய கருவியோடு பழைய வேலையும் செத்துவிடக்கூடாது என்பதே வாடிக்கையாளரின் கவலையாக இருந்தது. எமுலேற்றர் கள்வரின் கூடாரத்திற் பிறந்ததன்று, கம்பனியின் காரியாலயத்திற் பிறந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

பொறியின் நடத்தையைத் தன் சொத்து எனக் கொண்டாட முனைந்த முயற்சிகள் இல்லாமலில்லை. அவற்றுள் ஒன்று சுவையானது. கேம் போய்க் கருவிக்கு மின்னூட்டியதும் நின்ரெண்டோ என்னும் பெயர் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். ஒரு மணியோசை கேட்கும். பலருக்கு இஃது ஓர் அலங்காரமாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அஃது ஒரு வாயிற்காவல். இறங்கி வரும் பெயர் காட்ரிஜின் உள்ளே 48 பைற்றுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும் படம். கருவியினுள் இருக்கும் 256 பைற் அளவிலான சிறு நிரல் அதனைத் தன்னிடமுள்ள படத்தோடு ஒப்பிடும். ஒரு பைற் பிசகினும் விளையாட்டுத் தொடங்காது. அனுமதியின்றி விளையாட்டுச் செய்ய விரும்பும் ஒருவன் நின்ரெண்டோவின் வணிகச் சின்னத்தைத் தன் காட்ரிஜில் இட்டே தீரவேண்டும். இட்டால் சின்னத்தைத் திருடியவனாவான். பூட்டையே பொறியாக அமைத்த சாமர்த்தியம் இது! இதனையொத்த ஓர் ஏற்பாட்டைச் சேகா நிறுவனமும் தனது கருவியில் வைத்திருந்தது. அக்கலேட் என்னும் நிறுவனத்திற்கு எதிராகச் சேகா தொடுத்த வழக்கில், அவ்வாறு பெயரைத் திரையில் தோன்றச் செய்தவர் பூட்டை அமைத்தவரே என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் கண்டது. ஒத்தியங்குவதற்காக ஒரு நிரலைப் பிரித்தறிதல் நியாயமான பயன்பாடு என்றும் தீர்த்தது. சோனி நிறுவனம் கொனெக்ரிக்ஸ் என்னும் எமுலேற்றர் உற்பத்தியாளரோடு தொடுத்த வழக்கிலும் 2000ஆம் ஆண்டு முடிவு அத்திசையிலேயே சென்றது. தோற்ற சோனி அடுத்த ஆண்டில் அந்த எமுலேற்றரை விலைக்கு வாங்கி, அதன் விற்பனையை நிறுத்திவிட்டது என்பது கதையின் பின்னுரை.

இவை சட்டத்தின் முடிவுகளாயினும் அறவழியிலும் இவற்றை மறுத்தல் கடினம். ஒருவனது கருவி எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிதலும், அறிந்ததைத் தன் உழைப்பால் மீளச் செய்தலும் எவரிடமிருந்தும் எதனையும் பறிப்பதாகா. எமுலேற்றர் எழுதுதல் களவன்று. இஃது இவ்வளவில் நிற்க.

வினாவின் கடினமான பகுதி விளையாட்டையே பற்றியது. காட்ரிஜினுள் இருக்கும் நிரல் பலரின் பல்லாண்டு உழைப்பு. அதனைப் பிரதிசெய்து பகிர்வோர் தமக்குச் சார்பாகக் கூறும் முதல் நியாயம், பிரதி எடுப்பதனால் மூலம் குறைவதில்லை என்பது. ஒருவனது மாட்டைக் களவாடினால் அவனிடம் மாடு இல்லை. நிரலைப் பிரதிசெய்தால் அவனிடமும் இருக்கின்றது, இவனிடமும் இருக்கின்றது. இவ்வாதம் பாதி உண்மையே. சீட்டின்றிப் பயணஞ் செய்பவனும் பஸ் எப்படியும் போகத்தானே போகின்றது என்று கூறலாம். எல்லோரும் அவ்வாறு கூறின் பஸ் போகாது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் யூசு என்னும் எமுலேற்றரை ஆக்கியோருக்கு எதிராக நின்ரெண்டோ வழக்குத் தொடுத்தது. சுவிச் என்னும் கருவிக்கென 2023 மே மாதம் வெளியாகவிருந்த ஒரு விளையாட்டு, வெளியாகும் நாளுக்கு முன்னரே பத்து இலட்சத்திற்கும் அதிகமான தடவைகள் இணையத்திலிருந்து இறக்கப்பட்டதாக அது தன் முறைப்பாட்டிற் கூறியது. அத்தொகையிற் பாதியே உண்மையெனக் கொண்டாலும், கடைக்கு இன்னும் வராத ஒரு பொருளைப் பேணிப் பாதுகாத்தோம் என எவரும் சொல்ல முடியாது. சில நாட்களில் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி ஆக்கியோர் பணியைக் கைவிட்டனர். அவர்களே ஆக்கிய, 3டிஎஸ் கருவிக்கான சித்ரா என்னும் எமுலேற்றரும் அதனோடு மறைந்தது. நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புக் கூறிய வழக்கன்று இது என்பது உண்மை. ஆயினும் விற்பனையில் உள்ளதைக் கவர்வோனின் பேராசை, விற்பனையில் இல்லாததைக் காப்போனின் தலையிலும் இடியாக விழுந்ததற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

கேம் போய் விளையாட்டுகளுட் சிலவற்றை 2023 பெப்ரவரி முதல் நின்ரெண்டோ தானே சந்தா முறையில் வழங்கி வருகின்றது. அவற்றை அது வழங்குவதும் ஓர் எமுலேற்றரின் வழியாகவே. அவ்வாறு நேர்வழியிற் கிடைப்பனவற்றை விலை கொடாது எடுத்துக்கொள்வோர் பழமைபேணும் பணியின் பெயரைத் தமக்குக் கவசமாகக் கொள்ளலாகாது. எமுலேற்றரைப் பயன்படுத்துவோரிற் பெரும்பாலானோர் வரலாற்றைக் காக்கும் நோக்குடையவரல்லர், பொழுதுபோக்க விரும்புவோரே என்பதையும் ஒளிக்காமற் கூறவேண்டும்.

ஆனால் பஸ் சேவையே நிறுத்தப்பட்ட பாதையில் நடந்து செல்வோனிடம் சீட்டுக் கேட்பது எவ்வகை நியாயம்? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்ரரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010ஆம் ஆண்டிற்கு முன்னர் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையிற் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் நிறுவனங்களின் படைப்புகளுக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. எனவே 1989இல் வெளியான ஒரு கேம் போய் விளையாட்டு 2084ஆம் ஆண்டின் இறுதிவரை ஒருவரின் உடைமை. 1710ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் நூலாசிரியர்க்கு வழங்கியது 14 ஆண்டுகள். அவர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகள். நூலொன்றின் தாள் 28 ஆண்டுகள் தாங்கும். காட்ரிஜின் சில்லும் அதனை வாசிக்கும் கருவியும் 95 ஆண்டுகள் தாங்கும் என எவரும் உறுதி கூறார். உரிமையின் ஆயுள் பொருளின் ஆயுளை விஞ்சி நீளும்போது, உரிமை முடிவுற்றுப் பொதுவுடைமையாகும் நாளிற் பொதுமக்களுக்குக் கிடைப்பதற்கு எதுவும் இராது.

உடைமைக்கு உழைப்பே அடிப்படை என வாதித்த ஜோன் லொக், அவ்வுடைமைக்கு ஓர் எல்லையையும் வகுத்தார் என்பதை உடைமைவாதிகள் பலர் மறந்துவிடுகின்றனர். ஒருவன் கெட்டுப்போகுமுன் பயன்படுத்தக்கூடிய அளவே அவனுடையது. அதற்கு மேற்பட்டுக் கைப்பற்றி அழுகவிடுவது பிறர் பங்கைக் கவர்வதற்கு ஒப்பாகும் என்பது அவரது கருத்து. அவர் பேசியது பழத்தையும் தானியத்தையும் பற்றி. நிரல் பழமல்ல எனலாம். ஆயினும் நிரலைத் தாங்கும் பொருள்கள் பழத்தைப் போலவே கெடுகின்றன. கெடாது காப்பதற்குள்ள ஒரே வழியான பிரதிசெய்தலைச் சட்டம் உரிமையாளனுக்கு மட்டுமே தந்திருக்கின்றது. அவ்வாறாயின் பிரதிசெய்து காக்கும் கடமையும் அவனையே சாரும் என்பது தர்க்கரீதியான முடிவாகும். வேறெவரும் செய்யக்கூடாது எனத் தடுத்து, தானும் செய்யாதிருப்பவன் வைக்கோற்போர் நாயின் நிலையிலேயே நிற்கின்றான்.

இதற்கு நிறுவனத்தின் பக்கமிருந்து ஒரு மறுமொழி உண்டு. இன்று விற்கப்படாத விளையாட்டு நாளை புதுக்கப்பட்டு விற்கப்படலாம். நிறுத்தப்பட்ட பஸ் மீண்டும் ஓடலாம். இலவசப் பிரதி எங்கும் பரவியிருப்பின் புதுக்குவதற்கு எவர் முதலிடுவார்? இஃது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. கேம் போய் விளையாட்டுகள் சந்தா முறையில் மீண்டதே இதற்குச் சான்று. ஆனால் மீண்டவை பெயர்பெற்ற சிலவே, மீளாதவை ஆயிரக்கணக்கின. விலைபோகும் என்னும் நம்பிக்கை உள்ளவற்றுக்கே மறுபிறவி கிடைக்கின்றது. மற்றையவற்றுக்காகக் காத்திருக்குமாறு கூறுவோர் எந்த நாளையும் குறித்துக் கூறுவதில்லை. நாள் குறிக்கப்படாத வாக்கை நம்பி ஒரு கலைத்துறையின் முழு இளமைக்காலத்தையும் ஒப்படைக்க முடியுமா?

தன் படைப்பை அழித்துவிட விரும்பும் ஆசிரியனது உரிமையும் இங்கு நினைவுக்கு வரும். ஈனியட்டை எரித்துவிடுமாறு வேர்ஜில் கேட்டுக்கொண்டதும், தன் எழுத்துகளை அழிக்குமாறு காஃப்கா நண்பர் மக்ஸ் புறொட்டிடம் வேண்டியதும் இலக்கிய மாணவர் அறிந்தவை. அவ்வேண்டுகோள்கள் நிறைவேற்றப்படாமையால் உலகம் பயன்பெற்றது எனினும், மீறியவர்கள் ஒரு மனச்சாட்சியின் குரலை மீறினர் என்ற உறுத்தல் எஞ்சியே நிற்கும். கைவிடப்பட்ட விளையாட்டின் பின்னால் அத்தகைய குரல் எதுவுமில்லை. அதனை ஆக்கியவர்கள் அழியட்டும் என எண்ணியவரல்லர். கணக்கேட்டில் அதற்கென ஒரு வரி இல்லை என்பது மட்டுமே காரணம். மனச்சாட்சிக்குக் கொடுக்கும் மதிப்பைக் கணக்கேட்டுக்கும் கொடுக்கவேண்டும் என்பதற்கு அறவியலில் ஆதாரம் காண்பது அரிது.

மதர் 3 என்னும் விளையாட்டின் வரலாறு இத்தொடர்பில் விரிவாக நோக்கத்தக்கது. ஷிகெசாற்றோ இற்றோயி எழுதிய இவ்விளையாட்டு, கேம் போயின் வழிவந்த அட்வான்ஸ் கருவிக்கென 2006 ஏப்பிரலில் யப்பானில் வெளியாயிற்று. ஒரு குடும்பம் தாயை இழந்தபின் சிதறுவதையும், பணமறியாதிருந்த ஒரு கிராமம் பணத்தை அறிந்தபின் மாறுவதையும் அது சொல்கின்றது. யப்பானுக்கு வெளியே அது விற்கப்படவில்லை. 2008 ஒக்ரோபரில் ஆர்வலர் குழுவொன்று முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. அவர்கள் விளையாட்டை வெளியிடவில்லை. மூலத்தில் எந்த இடத்தை எவ்வாறு மாற்றவேண்டும் எனக் கூறும் திருத்தக் கோப்பை மட்டுமே வெளியிட்டனர். மூலத்தை வாசகனே தேடிக்கொள்ள வேண்டும். பலர் அதனை எங்ஙனம் தேடிக்கொண்டனர் என்பது எல்லோரும் அறிந்த இரகசியம். 2024இல் நின்ரெண்டோ அவ்விளையாட்டைத் தன் சந்தா சேவையிற் சேர்த்தது, அதுவும் யப்பானில் மட்டுமே. ஆங்கிலமறிந்த வாசகர் அதன் துயரத்தை அறிந்தது ஊதியம் பெறாத மொழிபெயர்ப்பாளராலும் எமுலேற்றராலுமே. இங்கு உரிமையாளர் எந்த விற்பனையை இழந்தார்? ஆங்கிலத்தில் விற்க அவரிடம் பொருளே இருக்கவில்லை.

எமுலேற்றரை இவ்வாறு நியாயப்படுத்துவோர் அது முழுவதையும் காக்கின்றது என எண்ணிவிடுதலும் தவறு. 2003இல் கொனாமி நிறுவனம் வெளியிட்டதும் ஹிடேயோ கொஜிமா உருவாக்கியதுமான "எங்கள் சூரியன்" எனப் பொருள்படும் பெயருடைய விளையாட்டின் காட்ரிஜில் ஒளியுணர்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் நாயகனின் துப்பாக்கிக்குச் சக்தி சூரிய ஒளியே. அவ்வொளி திரைக்குள் இருப்பதன்று. விளையாடுபவன் எழுந்து வெளியே சென்று வெயிலில் நிற்கவேண்டும். மாலை சாய்ந்தால் அவனும் தளர்வான். கணினியில் இதே விளையாட்டை இயக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் வெயில் கூடுகின்றது, இன்னொன்றை அழுத்தினால் குறைகின்றது. நள்ளிரவில் அறைக்குள் இருந்தவாறே உச்சிப்பொழுதை வரவழைக்கலாம்! நிரல் ஒரு பைற்றும் மாறவில்லை. விளையாட்டு மாறவில்லை எனக் கூறமுடியுமா?

நெல்சன் குட்மன் என்னும் மெய்யியலாளர் 1968இல் வெளியான தமது நூலிற் கலைகளை இரு வகையாகப் பிரித்தார். ஓவியத்தில் மூலமும் பிரதியும் வேறு. எத்துணை நுணுக்கமாகப் பிரதிசெய்தாலும் அது போலியே. இசையிலோ குறியீட்டுப் பிரதிக்கு ஏற்ப இசைக்கப்படும் ஒவ்வொன்றும் அதே படைப்பு. கணினி விளையாட்டு இரண்டாம் வகையினதே என எமுலேற்றர் எழுதுவோர் கருதுகின்றனர். பெரும்பாலான விளையாட்டுகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் கையிலே அடங்கும் கருவி, பின்னொளி இல்லாத திரையை விளக்கை நோக்கிச் சாய்த்துப் பிடித்த கோணம், இருவரை அருகருகே இருக்கச் செய்த இணைப்புக் கம்பி, வெளியே உள்ள வெயில் ஆகியன முதல் வகைக்குரிய எச்சங்கள். இவை பிரதியில் வாரா. குறையுடைய பிரதி என்பது பிரதியை அழித்துவிடுவதற்கான காரணமாகாது. ஆயினும் மூலக் கருவியைப் பேணும் நூதனசாலையின் தேவையை எமுலேற்றர் இல்லாதாக்கிவிட்டது என எண்ணுவோர் அவசரப்படுகின்றனர்.

நூலகங்களும் நூதனசாலைகளும் இதனைச் செய்யவேண்டியவையே. செய்வதற்கு அவை அனுமதி கேட்டபோது நிகழ்ந்தது வருமாறு: விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தத்தம் இருப்பிடத்திலிருந்தே பார்க்குமாறு வழங்க அமெரிக்க நூலகங்கள் விலக்குக் கோரின. 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதனை மறுத்தது. ஆய்வாளர் நூலகத்திற்கு நேரே செல்லவேண்டும். எந்த நகரத்து நூலகம் எனத் தேடி, விமானமேறிச் செல்ல இயலாத மாணவனுக்கு எஞ்சுவது முதற் பந்தியிற் கூறிய அதே வழிதான். நேர்மையான நிறுவனத்திற்கு மறுக்கப்பட்ட பணியை, நேர்மையைப் பற்றிக் கவலைப்படாதோரே செய்து முடிக்கின்றனர். பின்னர் வரலாறு எழுத முனைவோர் அவர்களிடமே கையேந்த வேண்டியிருக்கின்றது.

இன்னொன்றும் உண்டு. 1996இல் யப்பானில் வெளியான பொக்கேமொன் முதலிய விளையாட்டுகளின் காட்ரிஜ்களில், விளையாடியவன் அடைந்த நிலையை நினைவில் வைப்பதற்கென நாணயமளவான ஒரு சிறு பற்றரி பொருத்தப்பட்டுள்ளது. நிரல் நிறுவனத்தினுடையது. ஆனால் அப்பற்றரியின் துணையில் நிற்பவை நிறுவனம் எழுதியவையல்ல. ஒரு சிறுவன் பல மாதங்களாகப் பிடித்து வளர்த்த விலங்குகள், அவற்றுக்கு அவன் இட்ட பெயர்கள், நண்பனோடு பண்டமாற்றாகப் பெற்றவை என அனைத்தும் அவனுடையவை. இலட்சக்கணக்கான காட்ரிஜ்களில் இப்பற்றரிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. ஓய்ந்த கணத்தில் பெயர்கள் அழிந்துவிடும். நிரல் அப்படியே இருக்கும். அழியுமுன் அவற்றைக் கணினிக்கு மாற்றி வைக்கலாம். மாற்றியபின் அவற்றைத் திறந்து பார்ப்பதற்கு ஓர் எமுலேற்றரும், நிறுவனத்திற்குச் சொந்தமான அந்நிரலின் ஒரு பிரதியும் வேண்டும்.